ஏழு விநாடிக்கு ஆதாரம்

ஏழு என்ற எண்ணைக் கம்ப்யூட்டர் மூன்றாவது முறையாகத் துப்பியது.

திரையில் சிவப்பு எழுத்தில் ஒரே வரி. ‘ஆதாரம் இல்லை.’

மாப்பிள்ளை நாற்காலியில் சாய்ந்து உட்கார்ந்து, பெரிய மனது பண்ணி அந்த வரியை மன்னித்தார். தப்பு எண்ணின் மேல் இல்லை, கேட்பவர்கள் மேல்தான் என்பதில் அவருக்குச் சந்தேகமே கிடையாது. பொதுவாகவே அவருக்குச் சந்தேகம் என்பது அடுத்தவர்களுக்கு வருகிற ஒரு வியாதி.

அலுவலகத்தில் எல்லோருக்கும் அவர் மாப்பிள்ளைதான். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரம் மாமனார் வரவேற்பறைக்கு போன் போட்டு, "மாப்பிள்ளை இருக்காரா?" என்று கேட்டிருந்தார். வரவேற்பறைப் பெண் ஒலிபெருக்கியை அழுத்தி, "மாப்பிள்ளை, உங்களுக்கு போன்" என்று எல்லா மாடிக்கும் சேர்த்துச் சொல்லிவிட்டாள். அன்றோடு சரி. பெற்றவர்கள் வைத்த பெயர் சம்பளச் சீட்டில் மட்டும் மிச்சம் இருந்தது.

அந்த நிறுவனம் லிஃப்டுகளுக்கு மூளை செய்து விற்றது. எந்த மாடிக்கு முதலில் போவது, எத்தனை பேர் ஏறினால் முரண்டு பிடிப்பது, எல்லாவற்றையும் அங்கே உட்கார்ந்துதான் எழுதினார்கள். மாப்பிள்ளைக்குக் கதவு இலாகா. லிஃப்ட் வந்து நின்றதும் கதவு எவ்வளவு நேரம் திறந்திருக்க வேண்டும்? ஏழு விநாடி என்று எழுதியிருந்தார். அதைத்தான் கம்ப்யூட்டர் துப்பிக்கொண்டிருந்தது.

காரணம், பூதக்கண்ணாடி அம்மையார்.

எழுதிய கம்ப்யூட்டர் நிரலைச் சோதிக்கும் பிரிவுக்கு அவர்தான் தலைவி. வந்த மாதமே ஒரு விதி போட்டார். நிரலில் எங்காவது ஒரு எண் வந்தால், அதன் பக்கத்திலேயே, மனிதர்கள் படிப்பதற்காக எழுதும் கமெண்டில், அந்த எண் எந்த ஆராய்ச்சியிலிருந்து வந்தது என்று எழுத வேண்டும். ஆய்வாளர் பெயர், கட்டுரைத் தலைப்பு, இதழ், ஆண்டு, பக்கம். ஒன்று குறைந்தாலும் வாசலில் நிற்கும் காவல் நிரல் உள்ளே விடாது. விதி வந்த பிறகு, மாப்பிள்ளைக்குப் பக்கத்து இருக்கைக்காரர் எண்களே வராமல் நிரல் எழுதப் பழகிக்கொண்டுவிட்டார். அவர் எழுதிய லிஃப்ட் ‘சில’ மாடிகளுக்குப் போனது.

மாப்பிள்ளை எழுந்து அம்மையாரின் மேசைக்குப் போனார்.

"மேடம், ஏழு விநாடிக்கு ஆதாரம் கேக்குது."

"கேக்கணும்னுதான் வச்சிருக்கேன்."

"இது அனுபவத்துல வந்த எண் மேடம்."

"யாரோட அனுபவம்?"

மாப்பிள்ளை அவர் மேசையில் கிடந்த பேனாவை எடுத்து நேராக வைத்தார்.

"அனுபவம்னா ஒரு ஆளு, ஒரு இடம் இருக்கும்ல? அதை எழுதுங்க. நாளைக்கு உங்க இடத்துல உக்கார்றவன் ஏன் ஏழு, ஏன் எட்டு இல்லைன்னு மண்டையைப் பிச்சுக்கக் கூடாது. அவ்வளவுதான் நான் கேக்கறேன். இதுல என்ன கஷ்டம்?"

கஷ்டம் ஒன்றும் இல்லை. அந்த ஆள் மாமனாராக இருந்ததுதான் சங்கடம்.

மாமனார் ரயில் நிலையத்தில் அறிவிப்பாளராக இருந்து ஓய்வு பெற்றவர். ஆரம்பித்த அறிவிப்பைப் பாதியில் விடக் கூடாது என்பது அந்த வேலையின் முதல் பாடம். ரயில் கிளம்பிக் கடைசிப் பெட்டியும் மறைந்துவிட்டாலும், அது எந்த நடைமேடையிலிருந்து கிளம்பும் என்பதைச் சொல்லி முடித்தே ஆக வேண்டும். மைக் போன பிறகும் பழக்கம் போகவில்லை. அடுக்குமாடி வீட்டில் லிஃப்டுக்குள் ஒரு காலும் வெளியே ஒரு காலுமாக நின்றுதான் அவர் தன் முக்கியமான வாக்கியங்களைத் தொடங்குவார். அந்தக் கட்டட லிஃப்டின் கதவுக்குப் பொறுமை குறைவு. நடுவாக்கியத்தில் வந்து தோளில் இடிக்கும். இடித்தால் அவர் வாக்கியத்தை முதலிலிருந்து ஆரம்பிப்பார். ஒரு நாள் காலையில் தண்ணீர் மோட்டாரைப் பற்றிய ஒரே ஒரு வாக்கியத்துக்காக மாப்பிள்ளை அலுவலகத்துக்குத் தாமதமாக வந்திருக்கிறார். வாசலில் நிற்கும் மனிதன் சொல்ல வந்ததைச் சொல்லி முடிக்க எவ்வளவு நேரம் தேவை என்று அவர் மனசுக்குள் பலமுறை எண்ணிப் பார்த்தாயிற்று. ஏழு. எப்போது எண்ணினாலும் ஏழு.

இதை எப்படி எழுதுவது? ‘ஆதாரம்: என் மாமனார்’ என்று எழுதினால் காவல் நிரல் இதழின் பெயர் என்ன, பக்கம் என்ன என்று கேட்கும்.

மாப்பிள்ளை இருக்கைக்குத் திரும்பி, விரல்களைச் சொடுக்கிக்கொண்டு தட்டினார். ஆய்வாளர் என்ற இடத்தில் மாமனாரின் பெயர், இனிஷியலோடு. கட்டுரை, ‘வாசலில் நின்று பேச்சை முடித்தல்: ஒரு கள ஆய்வு.’ இதழ், ‘மனித நடமாட்ட ஆய்விதழ்.’ ஆண்டு, மூன்று வருடத்துக்கு முந்தையது. பக்கம் நாற்பத்தொன்று. நாற்பது என்று போட்டால் அளவெடுத்துத் தைத்த மாதிரி இருக்கும், சந்தேகம் வரும்.

பொய் சொல்கிறோம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. ஆராய்ந்தவர் மாமனார்தானே? தோளில் இடி வாங்கி வாங்கி அல்லவா ஆராய்ந்திருக்கிறார்?

திரை பச்சையானது. ஏழு உள்ளே போனது.

மாலையில் பூதக்கண்ணாடி அம்மையாரே அவர் இருக்கைக்கு வந்தார். "கள ஆய்வெல்லாம் தேடிப் பிடிச்சிருக்கீங்க! மத்தவங்க எல்லாம் முதல்ல கண்ணுல பட்டதை ஒட்டிட்டுப் போறாங்க. உங்களைப் பார்த்து நாலு பேர் கத்துக்கட்டும்."

"கடமை மேடம்" என்றார் மாப்பிள்ளை, கூசாமல்.

இதோடு முடிந்திருக்க வேண்டியது. ஆனால் அந்த நிரலை ஒரு பெரிய மருத்துவமனை வாங்குவதாக இருந்தது. புதிதாகக் கட்டும் பதினெட்டு மாடி. பரிசீலனைக்கு நிரல் அங்கே போய் இரண்டு மாதம் ஊறியது. பிறகு ஒரு நாள் மேனேஜர் மூச்சிரைக்க வந்தார்.

"மாப்பிள்ளை! ஆஸ்பத்திரியிலேருந்து மெயில். அவங்க ஆலோசகர் நம்ம நிரலை வரி வரியாப் படிச்சிருக்காராம். லிஃப்டுல டாக்டர் பட்டமே வாங்கினவர். நீங்க கமெண்ட்ல போட்டிருக்கற கட்டுரை வேணுமாம்."

"முழுசுமா?"

"நாப்பத்தொண்ணாம் பக்கம் மட்டும் கிடைச்சாக்கூடப் போதுமாம். ரொம்ப அவசரமாம்."

மாப்பிள்ளை அசரவில்லை. "பழைய இதழ் சார். சட்டுனு கிடைக்காது. தேடித் தர்றோம்னு எழுதுங்க."

மேனேஜர் எழுதினார். ஒரு மணி நேரத்தில் திரும்பி வந்தார்.

"எல்லா நூலகத்துலயும் அவரே தேடிட்டாராம், எங்கேயும் கிடைக்கலையாம். இன்னொண்ணு கேக்கறார்." குரலைத் தாழ்த்தினார். "ஆய்வாளர் உயிரோட இருக்காரான்னு கேக்கறார்."

இங்கேதான் மாப்பிள்ளை சறுக்கினார். இல்லை என்று சொல்லியிருந்தால் கதை அங்கேயே அடங்கியிருக்கும். ஆனால் அன்று காலையில்தான் மாமனார் அவருடைய சட்டைக்குப் பொத்தான் தைத்துக் கொடுத்திருந்தார். அந்தப் பொத்தானைத் தடவிக்கொண்டே ஆளைச் சாகடிக்க மனசு வரவில்லை.

"இருக்கார் சார். கல்லு மாதிரி இருக்கார்."

"உங்களுக்குத் தெரிஞ்சவரா?"

"பழக்கம் உண்டு."

"அடடா! தூரத்துல இருக்காரா?"

"கிட்டத்துலதான் சார்."

"அப்போ வேலை சுலபமாப் போச்சு. புதன்கிழமை ஆலோசகர் இங்கே வர்றார். நீங்க உங்க ஆய்வாளரைக் கூட்டிட்டு வந்துடுங்க. கட்டுரையும் அவர் கையிலேயே இருக்கும்ல?"

ஞாயிற்றுக்கிழமை காலையில் மாப்பிள்ளை சமையலறை மேசையில் உட்கார்ந்து கட்டுரை எழுதினார். முதல் பக்கத்துக்கு முப்பத்தாறு என்று எண் போட்டார். அப்போதுதான் ஆறாவது பக்கம் நாற்பத்தொன்றாக வரும். ஏழு விநாடியை அங்கே கொண்டுபோய்ச் சேர்ப்பதற்காக, நடுவில் கதவு என்றால் என்ன என்று ஒன்றரைப் பக்கம் விளக்க வேண்டியிருந்தது.

மனைவி தோளுக்கு மேலாக எட்டிப் பார்த்தாள்.

"என்னங்க இது, எங்கப்பா பேரு?"

அவர் சொன்னார். ரொம்பச் சாதாரணமாகச் சொன்னார். கேட்கக் கேட்க அவள் கையிலிருந்த கரண்டி மெல்லத் தாழ்ந்து மேசையில் படுத்தது.

"‘ஆய்வுக்கு உட்பட்ட முதியவர்’னு எழுதியிருக்கே, அது யாரு?"

"உங்கப்பா."

"எழுதின ஆய்வாளர்?"

"அதுவும் உங்கப்பாதான்."

"அப்போ எங்கப்பா எங்கப்பாவையே மறைஞ்சு நின்னு பார்த்து எழுதியிருக்கார்?"

மாப்பிள்ளை ஒரு நொடி யோசித்து, முதியவரை ‘முதியவர்கள்’ என்று திருத்தினார்.

"சிரிப்பு வரலை எனக்கு" என்றாள் அவள். "அவர் அத்தனை வருஷம் மைக்ல பேசியிருக்கார். ஒரு ரயிலைக்கூடத் தப்பா சொன்னதில்லை. இன்னிக்கும் தெருவுல யாராவது பார்த்து, உங்க குரலை நம்பித்தான் சார் ஓடுவோம்னு சொன்னா, வீட்டுக்கு வந்து மூணு நாளைக்கு அதையே சொல்லிட்டிருப்பார். அவர்கிட்ட இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான். அதைக் கொண்டுபோய்ப் பொய்க் கட்டுரையில ஒட்டி வச்சிருக்கீங்க."

"ஏழு பொய் இல்லைம்மா. கட்டுரைதான் கொஞ்சம் லேட்டு."

"புதன்கிழமை அந்த டாக்டர் பட்டம் நாலு பேர் முன்னாடி எங்கப்பாவைப் பார்த்து, பித்தலாட்டம்னு ஒரு வார்த்தை சொல்லட்டும். அப்புறம் நீங்க அந்த லிஃப்ட்லயே குடியிருந்துக்கலாம். கதவு வேணும்னா ஏழு விநாடி திறந்திருக்கட்டும்."

அதற்குள் மாமனாரே தண்ணீர் குடிக்க வந்தார். மேசையில் இருந்த தாளைக் குனிந்து பார்த்தார். கண்ணாடியை மூக்கில் இறக்கி, தொண்டையைச் செருமினார்.

"என் பேரு மாதிரி இருக்கே மாப்ளே?"

"உங்க பேருதான் மாமா. கதவுல நீங்க நின்னு பேசறதை வச்சு ஒரு ஆராய்ச்சி." இதழின் பெயர் இருந்த முதல் தாளை மாப்பிள்ளை மெதுவாகத் தட்டுக்கு அடியில் நகர்த்தினார்.

"எழுதறது நீங்க. என் பேரு எதுக்கு?"

"கண்டுபிடிச்சது நீங்கதானே? ஸ்டேஷன்லயும் அப்படித்தானே மாமா? அறிவிப்பை எழுதிக் கொடுக்கறது ஒருத்தர். ஊருக்குச் சொல்றது நீங்க."

அது மாமனாருக்குப் பிடித்துவிட்டது. ஒரு தாளை எடுத்து நின்றபடியே வாசித்தார். "வாசலில் நிற்கும் மனிதன் பேச்சை முடிக்க ஏழு விநாடிகள் தேவை" என்ற வரி அந்தக் குரலில் கேட்டபோது, மாப்பிள்ளைக்கே மயிர்க்கூச்செறிந்தது. இதைவிடப் பெரிய ஆதாரம் உலகத்தில் எங்கே இருக்கிறது?

"ஆனா ஒண்ணு" என்றார் மாமனார். "சும்மா பேரைப் போட்டுக்க மாட்டேன். நானும் பார்த்துட்டுத்தான் சொல்வேன்."

அன்று மாலையே, இஸ்திரி போட்ட சட்டையோடு சுவர்க் கடிகாரத்தைக் கழற்றி எடுத்துக்கொண்டு லிஃப்ட் வாசலுக்குப் போய்விட்டார். ஏறுகிறவர்களையெல்லாம் நிறுத்தினார். "நல்லா ஏறினீங்க. எதுக்கும் இன்னொரு தடவை ஏறிக் காட்டுங்க." திங்கட்கிழமை மதியத்துக்குள் கட்டடத்தில் பாதிப் பேர் படிக்கட்டில் ஏறத் தொடங்கினார்கள். மாமனாரோ சாப்பிடும்போது பாட்டு முணுமுணுத்தார். ஓய்வு பெற்ற நாளிலிருந்து அவர் முணுமுணுத்ததே இல்லை என்று மனைவி சொன்னாள். சொல்லிவிட்டு மாப்பிள்ளையை ஒரு பார்வை பார்த்தாள். இன்னும் போடட்டுமா என்று கேட்கிறாள் என அவர் எடுத்துக்கொண்டார். தட்டை நீட்டினார்.

செவ்வாய்க்கிழமை மாமனார் முகம் வாடி மேலே வந்தார்.

"மாப்ளே, நம்ம எண் தப்பு."

"என்ன மாமா சொல்றீங்க?"

"எல்லாரும் ரெண்டே விநாடியில உள்ளே போயிடறாங்க. ஏழு எனக்கு மட்டும்தான் ஆகுது. நாளைக்கு அவங்ககிட்ட நானே உண்மையைச் சொல்லிடறேன். வண்டி தாமதம்னா தாமதம்னு சொல்லணும். அதுல என்ன வெக்கம்?"

மாப்பிள்ளைக்குக் கண் முன்னால் பதினெட்டு மாடியும் ஒன்றின் மேல் ஒன்றாகச் சரிந்தது. ஆனால் நாக்கு மட்டும் வழக்கம்போல நிமிர்ந்து நின்றது.

"இது வீடு மாமா. போற இடம் ஆஸ்பத்திரி. அங்கே லிஃப்ட் வாசல்ல என்ன நடக்கும்? உள்ளே படுத்திருக்கறவங்க முன்னாடி சொல்ல முடியாததை, வெளியில லிஃப்ட்கிட்ட வந்துதான் சொல்லுவாங்க. ஒரு கால் உள்ளே, ஒரு கால் வெளியில. அங்கே எல்லாரும் நீங்கதான்."

வாயில் வந்ததைச் சொன்னார். சொல்லி முடித்த பிறகுதான் அது உண்மை என்று அவருக்கே பட்டது.

மாமனார் உட்கார்ந்து கடிகாரத்தை மடியில் வைத்துக்கொண்டார்.

"ஆமாம்" என்றார் பிறகு. "உங்க அத்தைக்கு ஆபரேஷன் பண்ணினப்போ டாக்டர் அப்படித்தான் லிஃப்ட்ல நின்னு சொல்ல ஆரம்பிச்சார். பாதியில கதவு மூடிடுச்சு. மீதியைக் கேக்கறதுக்கு நான் மாடி மாடியா ஓடினேன்." கடிகாரத்தைத் துடைத்தார். "நல்லா இருக்காங்கன்னுதான் சொல்ல வந்திருக்கார். அது எனக்கு மூணு மாடி ஏறின பிறகுதான் தெரிஞ்சுது. ஏழு இருக்கட்டும் மாப்ளே. நான் சொல்றேன்."

புதன்கிழமை மாமனார் சொன்ன நேரத்துக்கு முன்பே அலுவலகத்துக்கு வந்துவிட்டார். வரவேற்பறையில் நின்று, பழக்க தோஷத்தில் கேட்டார்.

"மாப்பிள்ளை இருக்காரா?"

அந்தக் குரல் வரவேற்பறைப் பெண்ணுக்கு மறக்குமா? ஒலிபெருக்கியை அழுத்தினாள். "மாப்பிள்ளை, உங்க மாமனார் வந்திருக்கார்."

எல்லா மாடிகளும் கேட்டன. மாப்பிள்ளை இறங்கி வருவதற்குள் மேனேஜரும் கீழே ஓடி வந்தார்.

"என்னங்க, இன்னிக்குப் பார்த்து மாமனாரை வரச் சொல்லியிருக்கீங்க? ஆய்வாளர் எங்கே?"

"அவரும் வந்துட்டார் சார்."

மேனேஜர் சுற்றிலும் பார்த்தார். அங்கே ஒரே ஒரு மனிதர்தான் இருந்தார்.

பின்னாலேயே வந்த பூதக்கண்ணாடி அம்மையாருக்கு விஷயம் உடனே புரிந்துவிட்டது. கண்கள் சுருங்கின. "ஆய்வாளர் உங்க மாமனாரா?"

"நான் ஆதாரத்தைத்தான் பார்த்தேன் மேடம். சொந்தமா, அந்நியமான்னு பார்க்கலை" என்றார் மாப்பிள்ளை.

"கட்டுரையைக் கூட்டத்துல முழுசாப் படிக்கிறேன்" என்றார் அம்மையார். அதை அவர் சொன்ன விதம் நன்றாக இல்லை.

கூட்டம் கண்ணாடி அறையில் கூடியது. ஆலோசகர் ஒல்லியான மனிதர். ஒரு ஃபைலை மார்போடு அணைத்துக்கொண்டு வந்தார். அறை குளிர்ந்திருந்தது. அப்படியும் அவருக்கு நெற்றி வேர்த்திருந்தது. மாமனாரை நேராகப் பார்க்காமல், அவருடைய சட்டைப் பையைப் பார்த்துப் பேசினார்.

"ஐயா, உங்களை நேர்ல சந்திப்பேன்னு நான் எதிர்பார்க்கலை."

"பயணிகளின் கவனத்துக்கு" என்று ஆரம்பித்து, சட்டென்று திருத்திக்கொண்டார் மாமனார். "எல்லாருக்கும் வணக்கம். கேளுங்க."

"உங்க ஆராய்ச்சியை யாராவது குறை சொன்னா... உங்களுக்குக் கோபம் வருமா?"

அறையில் எல்லோரும் நிமிர்ந்தார்கள். மாப்பிள்ளைக்குக் காது மடல் சுட்டது. ஆரம்பித்துவிட்டான் என்று நினைத்தார்.

"கோபப்பட எங்களுக்கு ஏது தம்பி நேரம்? அதுக்குள்ள அடுத்த வண்டி வந்துடும்" என்றார் மாமனார். மேனேஜர் சத்தமாகச் சிரித்தார். ஆலோசகர் சிரிக்கவில்லை.

"நாப்பத்தொண்ணாம் பக்கம்?"

மாப்பிள்ளை தாளை நீட்டினார். ஆலோசகர் வாங்கிப் படித்தார். ஒரு முறை படித்தார். திருப்பிப் பின்பக்கத்தைப் பார்த்தார், அது வெள்ளையாக இருந்தது. மறுபடியும் படித்தார். 

"இவ்வளவுதானா?"

"இவ்வளவுதான் சார்."

"நடைபாதையோட அகலத்தைப் பத்தி இதுல ஒண்ணும் இல்லையே?"

"இல்லை சார்."

"இருக்கணுமே..." என்று முணுமுணுத்தார் ஆலோசகர். "கண்டிப்பா இருக்கணுமே."

அந்தக் கணத்தில்தான் மாப்பிள்ளையை வாழ்க்கையில் முதன்முதலாகச் சந்தேகம் என்ற வியாதி பிடித்துக்கொண்டது. அது வந்த வேகத்திலேயே முற்றியது. இதே தலைப்பில் எங்கோ உண்மையான கட்டுரை ஒன்று இருக்கிறது, இந்த மனிதர் அதைக் கரைத்துக் குடித்திருக்கிறார், போலியைக் கையில் பிடித்துக்கொண்டு எப்போது கிழிக்கலாம் என்று பார்க்கிறார். உயிரோடு இருக்கிறாரா என்று கேட்டதும், கோபம் வருமா என்று கேட்டதும் எதற்காக என்று இப்போது விளங்கியது.

எதிரே பூதக்கண்ணாடி அம்மையார் முப்பத்தாறாம் பக்கத்தைப் படிக்கத் தொடங்கியிருந்தார். புருவம் மெதுவாக மேலே ஏறிக்கொண்டிருந்தது.

மாமனார் மட்டும் நிமிர்ந்து உட்கார்ந்திருந்தார். அடுத்த கேள்விக்காகக் கை இரண்டையும் மேசையில் வைத்துக் காத்திருந்தார். மைக்கில் சிவப்பு விளக்கு எரிவதற்காக அவர் அப்படித்தான் காத்திருந்திருப்பார் என்று மாப்பிள்ளைக்குத் தோன்றியது.

ஆலோசகர் எழுந்தார். "நான் பெரியவர்கிட்டத் தனியாப் பேசணும். இப்பவே. அதுக்கப்புறம்தான் என் முடிவைச் சொல்ல முடியும்."

"தாராளமா" என்று மாமனார் நாற்காலியை நகர்த்தினார்.

பித்தலாட்டம். அந்த ஒரு வார்த்தையை இந்த மனிதர் அவர் முகத்துக்கு நேராகச் சொல்லப் போகிறார். மாப்பிள்ளை துள்ளி எழுந்தார்.

"முதல்ல என்கிட்டப் பேசுங்க சார்."

"உங்ககிட்ட என்ன..."

"ஒரே நிமிஷம். வாங்க சார், வாங்க."

கண்ணாடி அறையில் தனிமை ஏது? நடைபாதை முழுக்க ஆட்கள். மாப்பிள்ளை ஆலோசகரைக் கையைப் பிடித்து இழுக்காத குறையாக லிஃப்டுக்குள் கூட்டிக்கொண்டு போனார். கதவு மூடியதும் சொல்லிவிடுவது என்று முடிவு.

கதவு மூடவில்லை.

அது அவருடைய நிரலில் ஓடும் லிஃப்ட். ஏழு விநாடி திறந்தே இருந்தது. வெளியே போனவர்கள் எல்லோரும் எட்டிப் பார்த்துப் புன்னகைத்தார்கள். மாப்பிள்ளையும் ஆலோசகரும் பதிலுக்குப் புன்னகைத்தார்கள். ஏழு என்பது எவ்வளவு பெரிய எண் என்று மாப்பிள்ளைக்கு அன்றுவரை தெரியாது.

ஒருவழியாக மூடியது.

"சார், பெரியவர் மேல எந்தத் தப்பும் இல்லை" என்று ஒரே மூச்சில் கொட்டினார். "அவருக்கு ஒண்ணுமே தெரியாது. அப்படி ஒரு இதழே கிடையாது. மூணு வருஷத்துக்கு முந்தி யாரும் எதையும் எழுதலை. கமெண்ட்ல நான் சும்மா போட்டேன், நீங்க கேட்டதும் போன ஞாயித்துக்கிழமை எங்க வீட்டுச் சமையலறையில உக்காந்து மொத்தத்தையும் எழுதினேன். நீங்க தேடற நடைபாதை அகலம் இதுல இருக்கவே இருக்காது. எழுதினவனுக்கு அதைப் பத்தி ஒண்ணும் தெரியாது, ஏன்னா எழுதினவன் நான். என்னை வேலையை விட்டுத் தூக்கச் சொல்லுங்க, ஆஸ்பத்திரிக்கு வேற லிஃப்ட் வாங்கிக்குங்க. அவரை மட்டும் நாலு பேர் முன்னாடி ஒரு வார்த்தை சொல்லிடாதீங்க சார். அவருக்குன்னு இருக்கறது அந்தப் பேரு ஒண்ணுதான்."

ஆலோசகர் முகத்தில் மிச்சம் இருந்த ரத்தமும் வடிந்தது. சுவரில் சாய்ந்துகொண்டார். லிஃப்ட் எங்கும் போகாமல் நின்றது, இருவருமே எந்த மாடியையும் அழுத்தியிருக்கவில்லை. வெளியே யாரோ பொத்தானைத் தட்டினார்கள். ஆலோசகர் பாய்ந்து, கதவு திறக்காதபடி உள்ளே இருந்த பொத்தானைக் கட்டை விரலால் அமுக்கிப் பிடித்துக்கொண்டார். மார்போடு இருந்த ஃபைலை இன்னும் இறுக்கினார்.

"தம்பி, அப்படி ஒரு கட்டுரையே இல்லைன்னு வெளியில மூச்சு விட்டுடாதீங்க" என்றார், அழுகிற குரலில். "அதுல இருக்கற நடைபாதை அகலம் முழுக்கத் தப்புன்னு நான் எழுதின மறுப்புக் கட்டுரை போன மாசமே அச்சுல வந்தாச்சு!"